ஆறு பேரை நாடு கடத்திய மாடி அறை

தெற்கு இங்கிலாந்தில் டார்செட் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அதன் தலைமை ஊரான டார்செஸ்டரிலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் டோல்படில் என்ற சின்னக் கிராமம் வரும். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் பிடில். சுற்றுவட்டாரத்தில் படில்டவுன், அஃப்படில், பிரையன்ட்ஸ்படில் என்று எல்லாமே ஆற்றை ஒட்டிய பெயர்கள்தான். 'பிடில்' என்றால் ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒன்றுக்குப் போவது என்று அர்த்தம் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் இன்றைக்கும் ஒரு வேடிக்கை. டோல்படிலில் உள்ள 'டோல்' மட்டும் ஆற்றோடு சம்பந்தப்பட்டதில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நிலம் வைத்திருந்த டோலா என்ற பெண்மணியின் பெயர் அது.

அந்த ஊரின் பெரிய தெருவில் ஒரு கூரை வீடு இன்றும் நிற்கிறது. தடித்த மண்சுவர், அதன்மேல் ஒரு மாடி, அதற்கு மேல் வேய்ந்த கூரை. பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. டார்செட் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் உண்டு. ஆனால் 1833 டிசம்பரில் ஓர் இரவு, இந்த வீட்டின் மாடி அறையில் விவசாயக் கூலிகள் சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுச் சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்துக்காக ஆறு பேர் கப்பலேற்றப்பட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். தொழிற்சங்க வரலாறு படிக்கிற எவரும் சீக்கிரமே வந்து சேரும் பெயர் 'டோல்படில் தியாகிகள்'. அந்தக் கதை நடந்த வீடு இதுதான்.

தியாகிகள் என்றதும் தூக்கில் தொங்கியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். ஆங்கிலத்தில் இவர்களுக்கு வழங்கும் 'மார்ட்டர்' என்ற சொல் பெரும்பாலும் உயிர் விட்டவர்களைக் குறிப்பது, அதனால் அங்கே கொஞ்சம் மிகையாக ஒலிக்கும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறைக்குப் போய்த் திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டு நம் தெருவில் நடமாடியவர்களையும் தியாகி என்றே அழைத்துப் பழகியவர்கள் நாம்.

சங்கம் சேர்ந்ததற்காகத் தண்டித்தார்கள் என்றுதான் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. அந்த வருடத்தில் இங்கிலாந்தில் தொழிலாளர்கள் சங்கம் வைப்பது சட்டப்படி குற்றமே இல்லை. குற்றமில்லாத ஒன்றுக்கு எப்படி ஏழு வருட நாடுகடத்தல் கிடைத்தது என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய இடம். அதற்கு அந்த மாடி அறைக்குள் போக வேண்டும். போவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ரொட்டிக் கணக்கு

அக்காலத்து ஆங்கிலப் பணத்தில் 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பக்கத்து வட்டாரங்களில் பண்ணைக் கூலி வாரத்துக்கு 10 ஷில்லிங் இருந்தது. டோல்படிலில் அதைவிடக் குறைவு. கூலிகள் போய்க் கேட்டபோது, மற்ற இடங்களில் கொடுப்பதையே இங்கும் கொடுப்போம் என்று பண்ணையார்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊர்ப் பாதிரியார் அதற்குச் சாட்சியாக நின்றார் என்று கூலிகளின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் பிற்பாடு எழுதினார். அப்படி ஒரு வாக்கே நான் கொடுக்கவில்லை என்று அதே பாதிரியார் பின்னால் மறுத்துவிட்டார் என்பதும் அவர் எழுதியதுதான்.

கூலி 9 ஷில்லிங் ஆனது. பிறகு 8. பிறகு 7. அடுத்து 6 என்று பேச்சு அடிபட்டது.

அன்றைய ஒரு கூலிக் குடும்பத்தின் வாரச் செலவுக் கணக்கு இப்படி இருந்தது: ரொட்டிக்கு 9 ஷில்லிங், வீட்டு வாடகை 1 ஷில்லிங் 2 பென்ஸ், உருளைக்கிழங்கு 1 ஷில்லிங், விறகும் நிலக்கரியும் 9 பென்ஸ். தேயிலை, சர்க்கரை, சோப்பு, மெழுகுவத்தி, உப்பு, கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் பாலாடைக்கட்டி எல்லாம் சேர்த்தால் மொத்தம் 13 ஷில்லிங் 9 பென்ஸ். கறி, துணிமணி, மருந்து எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. 7 ஷில்லிங்கை வைத்துக்கொண்டு ரொட்டியைக்கூட முழுதாக வாங்க முடியாது. மனைவியும் பிள்ளைகளும் அறுவடைக் காலத்தில் சம்பாதிக்கும் சில்லறையும், ஊர்ப் பொதுநிதியிலிருந்து ஏழைகளுக்குக் கிடைத்த உதவியும்தான் மீதியை ஒப்பேற்றின. ஒரு காலத்தில் ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊர்ப் பொது நிலங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை வேலிபோட்டுத் தனியார் நிலமாக்கியிருந்தார்கள்.

இன்னொரு நிழலும் அப்போது ஊர்மேல் இருந்தது. மூன்று வருடம் முன்பு, 1830-இல், தெற்கு இங்கிலாந்துக் கூலிகள் கொதித்தெழுந்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. அரசாங்கம் 19 பேரைத் தூக்கிலிட்டது, ஐந்நூறு பேர் அளவில் நாடு கடத்தியது. பண்ணையார்களின் பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. நான்கு கூலிகள் சேர்ந்து நின்று பேசினாலே வைக்கோல் போர்தான் அவர்கள் கண்முன் வந்தது.

மச்சான் வீடு

ஜார்ஜ் லவ்லெஸுக்கு அப்போது வயது 37. ஏர் ஓட்டுகிற கூலி. தானாகவே படித்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மெதடிஸ்ட் சபையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்பவர். பிஷப்புகளும் பணக்காரர்களும் நிறைந்த இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே எளியவர்களிடையே வளர்ந்த சபை அது. அங்கே சாதாரணக் கூலியும் எழுந்து நின்று பேசலாம். கூட்டம் நடத்துவது, கணக்கு வைப்பது, வாரச் சந்தா வசூலிப்பது எல்லாம் கற்றுக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் நல்ல பேச்சாளர்கள் பலர் சிற்றாலயங்களிலிருந்து வந்தது இதனால்தான். டோல்படில் ஆறு பேரில் ஐந்து பேர் மெதடிஸ்டுகள்.

1833 அக்டோபரில், வெளியூர்ச் சங்கங்களிலிருந்து இரண்டு பிரதிநிதிகள் வந்து பேசிய பிறகு, டோல்படிலில் 'விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம்' தொடங்கியது. சேர 1 ஷில்லிங், அப்புறம் வாரம் 1 பென்னி. 10 ஷில்லிங்குக்குக் குறைந்து வேலைக்குப் போவதில்லை என்பது நோக்கம். வன்முறையால் இந்தச் சங்கத்தின் நோக்கம் நிறைவேறாது, அது சங்கத்தையே அழித்துவிடும் என்று விதிகளிலேயே எழுதி வைத்தார்கள். 1830-இல் நடந்ததைப் பார்த்துவிட்டு யோசித்து எழுதியவர்களின் விதி இது என்றே நினைக்கிறேன்.

வெயில் காலத்தில் ஊர் நடுவே இருந்த பெரிய சிகமோர் மரத்தடியில் கூடிப் பேசியதாகச் சொல்வார்கள். அந்த மரம் இன்றும் இருக்கிறது. 1680-களில் முளைத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் டிசம்பர் இரவில் அங்கே மரத்தடியில் உட்கார முடியாது, சத்தியம் வாங்குவதை ஊர் பார்க்க நடத்தவும் முடியாது. ஒரு கூரை வேண்டும். அப்படித்தான் தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்டின் வீடு கதைக்குள் வருகிறது.

தாமஸுக்கு வயது 44, ஆறு பேரில் மூத்தவர். ஜார்ஜின் சகோதரி டினாயாதான் அவர் மனைவி. நம் பேச்சில் சொன்னால் கூட்டம் மச்சான் வீட்டு மாடியில் நடந்தது. ஆறு பேரையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் சங்கம் எப்படிக் கட்டப்பட்டது என்பது பளிச்சென்று தெரியும். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மச்சான் தாமஸ், தாமஸின் மகன் ஜான். ஜானுக்கு ஜார்ஜ் தாய்மாமன். ஐந்தாவது ஆள் ஜேம்ஸ் பிரைன் என்ற இளைஞன், பின்னாளில் தாமஸின் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கே மருமகனானவன். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் இந்த உறவு வட்டத்துக்கு வெளியே. காட்டிக்கொடுக்கிறவன் யார் என்று தெரியாத ஊரில் சங்கம் சொந்தபந்தத்துக்குள்ளிருந்துதான் முளைக்க முடியும். அதில் ஒரு பலவீனமும் இருந்தது. உறவுக்கு வெளியே இருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

டிசம்பர் 9 இரவு

நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன இரண்டு பேரின் பெயர் ஜான் லாக், எட்வர்ட் லெக். சங்கத்தில் சேரப்போன கூலிகள் இவர்கள். அவர்கள் சொன்னதிலிருந்து அந்த இரவை ஓரளவு வரைந்துகொள்ளலாம்.

புதிதாகச் சேர்கிறவர்களை அறைக்குள் போகுமுன் கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார்கள். உள்ளே மண்டியிடச் சொன்னார்கள். யாரோ எதையோ வாசித்தார்கள், பைபிளிலிருந்து வாசிப்பது போல இருந்தது. கட்டை அவிழ்த்ததும் எதிரே ஆளுயர எலும்புக்கூட்டுப் படம். 'உன் முடிவை நினைத்துக்கொள்' என்ற வாசகம். பாதிரியார் அங்கி போன்ற வெள்ளை உடையில் ஜேம்ஸ் லவ்லெஸ். ஒரு புத்தகத்தை முத்தமிடச் சொன்னார்கள். இங்கே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்பதுதான் வாக்கின் சாரம்.

சத்தியத்தின் வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொன்னபோது இரண்டு சாட்சிகளாலும் முடியவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் எடுத்துக்கொடுத்துக் கொடுத்துத்தான் வார்த்தைகளை வரவழைக்க வேண்டியிருந்தது.

எலும்புக்கூடு எதற்கு, கண்ணைக் கட்டுவது எதற்கு? இன்றைக்குப் படிக்கும்போது கொஞ்சம் நாடகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கால இங்கிலாந்தில் இதெல்லாம் ஊரறிந்த சடங்கு. ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர சபைகளில் சீமான்கள் செய்ததும் இதேதான். சாவுக்கும் நோய்க்கும் பணம் சேர்க்கும் உதவிச் சங்கங்களிலும், கம்பளி நெய்பவர்கள், கட்டடத் தொழிலாளர்கள் சங்கங்களிலும் இதைப்போன்ற சடங்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்து என்ன பயன்? மறக்க முடியாத ஓர் இரவைக் கொடுத்தால் அது நெஞ்சில் நிற்கும். அதைவிட முக்கியம், சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பண்ணையாருக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை போய்விடும், வேலையோடு வீடும் போய்விடலாம். ரகசியம் காப்பது சோற்றுப் பிரச்சினை. கடவுள்பயம் உள்ளவர்களுக்குள் ரகசியத்துக்குப் பூட்டு வேண்டுமென்றால் சத்தியத்தை விட்டால் வேறு வழியில்லை.

அந்தப் பூட்டையே விலங்காக மாற்றினார்கள்.

மாலுமிகளுக்குப் போட்ட சட்டம்

இங்கே சட்டங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து மிரண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் 1799-இலும் 1800-இலும் தொழிலாளர்கள் கூலிக்காக ஒன்று சேர்வதைத் தடை செய்து சட்டம் போட்டது. 1824-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். உடனே பல ஊர்களில் வேலைநிறுத்தம் கிளம்பியதால் 1825-இல் மறுபடி சில கட்டுப்பாடுகள் போட்டார்கள். அதன் பிறகும் கூலி, வேலை நேரம் பற்றிப் பேச ஒன்று சேர்வது சட்டப்படி சரிதான். 1833-இல் ஜார்ஜ் லவ்லெஸ் சங்கம் தொடங்கியபோது சட்டத்துக்குள்தான் நின்றார்.

டோல்படிலுக்குப் பக்கத்தில் மோர்ட்டன் என்ற இடத்தில் ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன் என்ற நிலப்பிரபு இருந்தார். அவரே மாஜிஸ்திரேட். 1830 கலவரத்தை அடக்கியதில் முன்னால் நின்றவர். வட்டாரத்தில் சங்கம் பரவுகிறது, என்ன செய்யலாம் என்று அவர் 1834 ஜனவரி கடைசியில் உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். சங்கம் வைத்தார்கள் என்று பிடிக்க முடியாது என்பது லண்டனுக்குத் தெரியும். ஆனால் சட்டவிரோதச் சத்தியம் என்ற பிடி ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள் என்கிற திசையில் பதில் வந்தது.

அந்தப் பிடி 1797-ஆம் வருடச் சட்டம். அந்த வருடம் ஸ்பிட்ஹெட், நோர் என்ற இரண்டு இடங்களில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தார்கள். மோசமான சாப்பாடு, வருடக்கணக்கில் உயராத சம்பளம் இதெல்லாம் காரணம். பிரான்ஸோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். கலகக்காரர்கள் ரகசியச் சத்தியம் செய்து ஒன்று சேர்கிறார்கள் என்பதால் அவசர அவசரமாகப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. முகவுரை முழுக்கக் கலகத்தையும் ராஜத் துரோகத்தையும் பற்றித்தான் பேசும். ஆனால் உள்ளே இருக்கும் வாசகம் அகலமானது. சத்தியம் செய்துவைத்தால் அதிகபட்சம் ஏழு வருட நாடுகடத்தல்.

முப்பத்தாறு வருடம் கழித்து, போர்க்கப்பலையே பார்த்திராத ஏர்க்காரர்கள் மேல் அந்தச் சட்டம் பாய்ந்தது. சத்தியம் நடந்த வீட்டுக்கு இந்தக் கதையில் இவ்வளவு முக்கியத்துவம் வரக் காரணமும் இதுதான். மரத்தடியில் கூலியைப் பற்றிப் பேசியது குற்றமில்லை. சந்தா வசூலித்தது குற்றமில்லை. தாமஸ் வீட்டு மாடியில் மண்டியிட்ட அந்தச் சில நிமிடம் மட்டுமே குற்றம்.

1834 பிப்ரவரியில் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள்: இத்தகைய சங்கங்களில் சேர்ந்தால் ஏழு வருட நாடுகடத்தல். இரண்டு மூன்று நாளில், பிப்ரவரி 24 விடிகாலை, ஜார்ஜ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊர்க்காவலர் வாரண்டோடு வந்துவிட்டார். எச்சரிக்கை வெளியானதற்கும் கைதுக்கும் நடுவே சங்கத்தை விட்டு விலகக்கூட நேரம் இல்லை. அவர்கள்மேல் சொன்ன குற்றமோ டிசம்பரிலேயே முடிந்துபோன ஒன்று. ஆறு பேரும் காவலரோடு டார்செஸ்டர் வரை நடந்தே போனார்கள்.

விசாரணை மார்ச் 17 முதல் 19 வரை நடந்தது. வழக்கு எடுபடுமா என்று முதலில் பார்க்கும் பெரிய ஜூரிக்குத் தலைவர் வில்லியம் பொன்சன்பி, உள்துறை அமைச்சர் மெல்போர்னின் மைத்துனர். ஃப்ராம்ப்டனும் அந்த ஜூரியில் இருந்தார். நீதிபதி ஜான் வில்லியம்ஸ் பதவிக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஜார்ஜ் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் ரொம்பச் சின்னது. நாங்கள் எந்தச் சட்டத்தையாவது மீறியிருந்தால் அது வேண்டுமென்று செய்ததில்லை. யாருடைய மானத்துக்கும் உடலுக்கும் சொத்துக்கும் கேடு செய்யவில்லை. நாங்களும் எங்கள் மனைவி மக்களும் பட்டினியால் சீரழியாமல் இருக்கவே ஒன்று சேர்ந்தோம் என்பது அதன் சாரம். தண்டனை குற்றவாளிக்கு மட்டுமில்லை, மற்றவர்களுக்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஏழு வருடத்தை முழுசாகக் கொடுத்தார் நீதிபதி.

ஹாமெட் விஷயத்தில் இன்னொரு கதை உண்டு. அன்றிரவு அந்த மாடி அறையில் அவர் இல்லவே இல்லை, இருந்தது அவர் தம்பி ஜான், தம்பி மனைவி நிறைமாதக் கர்ப்பிணி என்பதால் அண்ணன் வாய் திறக்காமல் போய்விட்டார் என்பது டோல்படிலில் வழிவழியாகச் சொல்லப்படுவது.

அப்பனும் மகனும்

நாடுகடத்தல் என்றால் வெறும் விரட்டல் இல்லை. கைதிகளை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு அனுப்பி, அங்குள்ள பண்ணைகளுக்குச் சம்பளமில்லா ஆளாகக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து பேரை ஏற்றிய 'சர்ரே' கப்பல் 1834 ஆகஸ்டில் சிட்னி போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் உடம்பு சரியில்லாமல் பின்தங்கி, வேறு கப்பலில் இன்றைய டாஸ்மேனியாவுக்குப் போனார்.

வீட்டுக்காரர் தாமஸும் மகன் ஜானும் சில மைல் தூர இடைவெளியில் வேறு வேறு பண்ணைகளுக்குப் பிரிந்தார்கள். மகன் போய்ப் பார்த்தபோது ஐம்பதை நெருங்கும் அப்பனின் உடம்பு முழுக்கப் புண். பிற்பாடு அதை ஜானே எழுதினார். இந்தக் கதையில் எனக்கு மறக்காத இடம் இது. எலும்புக்கூட்டுப் படமும் நீதிமன்றமும்கூட இதற்கப்புறம்தான்.

டோல்படிலில் இருந்த குடும்பங்களுக்கு ஊர் ஏழை நிதியிலிருந்து உதவி கொடுக்க ஃப்ராம்ப்டன் தரப்பு மறுத்தது. சங்கத்துக்குக் கட்டக் காசு இருந்ததே, அதில் சாப்பிடட்டும் என்கிற தோரணை. லண்டனில் அமைந்த உதவிக் குழு நிதி திரட்டி அந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பியது.

இளவரசரும் சத்தியம் செய்தவர்தான்

1834 ஏப்ரல் 21 அன்று லண்டனின் வடக்கே கோப்பன்ஹேகன் திடலில் பெருங்கூட்டம் திரண்டது. முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் தலைமையில் அந்த வருடம்தான் தொடங்கியிருந்த பெரிய கூட்டுச் சங்கம் இதில் முன்னால் நின்றது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் உள்ள மனுவைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். இப்படி ஆள் திரட்டிக் கொண்டுவரும் மனுவை வாங்க மாட்டேன் என்று மெல்போர்ன் மறுத்துவிட்டார். அன்றைக்கு அடிதடி நடக்கும் என்று படையைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஊர்வலம் அமைதியாகப் போய் அமைதியாகக் கலைந்தது.

கூட்டத்தைவிட அரசாங்கத்துக்குத் தர்மசங்கடமாகப் போனது இன்னொரு வாதம். ஆரஞ்சு சங்கம் என்று புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் அமைப்பு ஒன்று இருந்தது. அதிலும் ரகசிய விதிகள், சடங்குகள், சபைகள் எல்லாம் உண்டு. அதன் தலைவர் கம்பர்லாந்து கோமகன், மன்னர் நான்காம் வில்லியமின் சொந்தத் தம்பி. மண்டியிட்டுச் சத்தியம் செய்த ஏர்க்காரன் ஆஸ்திரேலியா போக வேண்டுமென்றால் மன்னரின் தம்பி எங்கே போக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். தாமஸ் வாக்லி போன்ற உறுப்பினர்கள் விடாமல் நச்சரித்தார்கள். 1836 மார்ச்சில், ஜான் ரஸல் பிரபு உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஆறு பேருக்கும் முழு மன்னிப்பு வந்தது. ஆரஞ்சு சங்கமும் அதே வருடம் கலைக்கப்பட்டது.

மன்னிப்பு வந்த செய்தி உரியவர்களிடம் போய்ச் சேரத்தான் தாமதமானது. ஜார்ஜ் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார். அவர் 1837-இல் ஊர் திரும்பினார், நான்கு பேர் 1838-இல் வந்தார்கள், ஹாமெட் வர 1839 ஆகிவிட்டது.

வீடு நின்றது, ஆள் நிற்கவில்லை

இனி வீட்டுக்கு வருவோம். வந்தவர்களுக்கு உதவிக் குழு எசெக்ஸ் மாவட்டத்தில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தது. அங்கேயும் அவர்கள் வாக்குரிமைக்கான சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இறங்க, அக்கம்பக்கத்துப் பண்ணையார்களும் பாதிரியாரும் முகம் சுளித்தார்கள். குத்தகை முடிந்ததும் 1840-களில் ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குக் கப்பலேறி, ஒன்டாரியோவில் லண்டன் என்ற ஊரையொட்டி நிலம் வாங்கிக் குடியேறின. தாமஸ் அங்கேயே இறந்தார். டோல்படிலில் நிலைத்துத் தங்கியவர் ஹாமெட் மட்டும்தான்.

கூலிகளின் வீடுகள் பொதுவாக நிலைப்பதில்லை. களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்துக் குழைத்து, அடுக்கு அடுக்காக எழுப்பிக் காயவிட்டுக் கட்டும் சுவர் அது. நம் பக்கத்து மண்வீடு கட்டினவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தச் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் கொடுத்தால் போதும் என்று இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு பேச்சு உண்டு. தொப்பி என்பது கூரை, பூட்ஸ் என்பது கல் அஸ்திவாரம். ஒரு மழைக்காலம் கூரை ஒழுகினால் சுவர் கரைந்து உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு மண்வீடு இருநூறு வருடம் நிற்கிறது என்றால் யாரோ விடாமல் கூரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டோல்படில் வீட்டின் பெயர் இன்று 'தியாகிகள் குடில்'. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. இடிக்கவோ இஷ்டத்துக்கு மாற்றவோ முடியாது. ஆனால் அது தனியார் வீடு. தெருவில் நின்று பார்த்துக்கொள்ளலாம், கதவைத் தட்டக் கூடாது.

போகிறவர்கள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்கலாம். ஊரின் மேற்குப் பக்கம் வரிசையாக ஆறு வீடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தியாகியின் பெயர். இவர்கள் குடியிருந்த வீடுகள் இவைதான் என்று நினைக்கத் தோன்றும். இவை 1934-இல், நூற்றாண்டு நினைவாக, பிரிட்டிஷ் தொழிற்சங்க காங்கிரஸ் கட்டியவை. 1926 பொது வேலைநிறுத்தம் தோற்றபின் துவண்டு கிடந்த சங்கங்களுக்கு அப்போது நிமிர்ந்து பார்க்க ஒரு கதை தேவைப்பட்டது. பொதுச் செயலாளர் வால்டர் சிட்ரின் டோல்படிலைப் பிடித்துக்கொண்டார். சிலை வைக்காமல் வீடு கட்டியது நல்ல யோசனை. வயதான பண்ணைத் தொழிலாளர்கள் குடியிருக்கத்தான் கட்டினார்கள். நடுவில் உள்ள கட்டடத்தில் அருங்காட்சியகம். டார்செஸ்டரில் தீர்ப்புச் சொன்ன பழைய நீதிமன்றமும் இன்று அருங்காட்சியகம்தான், கைதிக் கூண்டில் ஏறி நின்று பார்க்கலாம். ஜூலை மாதம் மூன்றாவது வாரக் கடைசியில் டோல்படிலில் ஆண்டுதோறும் விழா நடக்கிறது. சங்கக் கொடிகளோடு ஊர்வலம் அந்தப் பெரிய தெரு வழியே, தாமஸ் வீட்டைத் தாண்டிப் போகும்.

ஹாமெட் கட்டட வேலை பார்த்துக் காலம் தள்ளினார். 1875-இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரைக் கூப்பிட்டு ஒரு கடிகாரம் பரிசளித்தது. கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது. டார்செஸ்டரில் கதியற்றவர்களுக்கான விடுதியில் 1891-இல் இறந்தார். டோல்படில் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 43 வருடம் கழித்து, 1934-இல்தான், பெயர் பொறித்த கல் வந்தது. அதே வருடம்தான் ஊரின் அந்தப் பக்கத்தில் வயசான கூலிகளுக்காக ஆறு வீடுகள் எழும்பின. அவற்றில் ஒன்றின் பெயர் ஹாமெட்.